தாய்லாந்து பேங்க் அக்கவுண்ட்ல இருந்து ஊருக்கு பணம் அனுப்புறது எப்படி: பேப்பர் சேத்து வைங்க, மீதி தானா நடக்கும்

தாய்லாந்துல வேலைக்கு வந்த புதுசுல எல்லாருக்கும் ஒரு மயக்கம் இருக்கும், ஏன்னா இங்க உள்நாட்டுக்குள்ள பணம் அனுப்புறது அவ்ளோ சுலபம். ப்ராம்ப்ட்பே 2017-ல வந்ததுல இருந்து தெருவோரத்துல பழம் வெட்டி விக்கிற அக்கா கூட க்யூஆர் அட்டை மாட்டி வச்சிருக்காங்க, நாம ஸ்கேன் பண்ணா அடுத்த நொடி அவங்க போன்ல டிங்னு சத்தம் வந்துரும். அந்த நெனப்புல மொத மாச சம்பளம் வந்ததும் ஆப்பைத் திறந்து வெளிநாட்டுக்கு அனுப்புற மெனுவைத் தேடுவோம், சில பேங்க் ஆப்ல அந்த மெனு தாய் அடையாள அட்டை இருக்குறவங்களுக்குத்தான் திறக்கும், நமக்கு "கிளைக்கு வாங்க"ன்னு வரும். கிளைக்குப் போனா அந்தப் பேப்பர் எங்க, இந்தப் பேப்பர் எங்கன்னு கேப்பாங்க. அங்கதான் பாதிப் பேரு கடுப்பாகி "யாராச்சும் உண்டியல்காரன் நம்பர் இருக்கா"ன்னு, அதாவது லைசென்ஸ் இல்லாம பேங்க்குக்கு வெளிய பணம் அனுப்பித் தர்ற ஆளை, விசாரிக்க ஆரம்பிக்கிறாங்க. அது வேணாம், ஏன் வேணாம்னு கீழ சொல்றேன்.

மொதல்ல பேங்க்காரங்க ஏன் இவ்ளோ கேக்குறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி கோவம் போயிரும். தாய்லாந்துல அந்நியச் செலாவணிக்குன்னு 1942-லயே போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு, இன்னைக்கும் அதுதான் அடிப்படை. பேங்க் ஆஃப் தாய்லாந்து, அதாவது அவங்க ஊரு ரிசர்வ் பேங்க், நேரா நம்மகிட்ட வராது, லைசென்ஸ் குடுத்த பேங்க்குங்க கிட்ட பொறுப்பைக் குடுத்திருக்கு. ஒரு வெளிநாட்டுக்காரர் தாய் பணமான பாத்தைக் குடுத்து டாலர் வாங்கி வெளிய அனுப்புறார்னா, எதுக்கு அனுப்புறார், அந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு பேங்க் கேட்டு வச்சுக்கணும். கவுண்டர்ல உக்காந்திருக்குற பொண்ணு நம்மள சந்தேகப்பட்டு கேக்கல, நாளைக்கு ஆடிட்ல அவங்கள கேப்பாங்க, அதான். அதனால "என் பணம், நான் அனுப்புறேன், உனக்கென்ன"ன்னு எகிறுனா வேலை நடக்காது, சிரிச்சுக்கிட்டே ஃபைலை நீட்டுனா அரை மணி நேரத்துல முடியும்.

அந்த ஃபைல்ல என்ன இருக்கணும்? பாஸ்போர்ட், அதுல இப்ப நடப்புல இருக்குற விசா பக்கம், வொர்க் பர்மிட், கடைசி சில மாச சம்பள சீட்டு, பாஸ்புக். இதோட கம்பெனி வருஷத்துக்கு ஒரு தடவை குடுக்குற வரி பிடித்தச் சான்று, தாய்ல அதை "ஹா சிப் தவி"ன்னு சொல்லுவாங்க, 50 தவி. நம்ம ஊரு ஃபார்ம் 16 மாதிரின்னு வச்சுக்கங்க. மார்ச் மாசம் வரி ரிட்டர்ன் போட்டதும் அதோட நகலையும் அதே ஃபைல்ல சொருகிருங்க. பல பேரு இந்த 50 தவியை எச்ஆர் குடுத்த அன்னைக்கே எங்கயோ போட்டுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு தேடுவாங்க. பெரிய தொகை அனுப்பும்போது இதைவிட வலுவான பேப்பர் வேற கிடையாது, ஏன்னா இவ்ளோ சம்பாதிச்சேன், இவ்ளோ வரி கட்டுனேன்னு அரசாங்கக் கணக்குலயே இருக்குன்னு காட்டுது.

நகல் எல்லாத்துலயும் கையெழுத்துப் போடச் சொல்லுவாங்க. "சம்னாவ் தூக் தோங்"ன்னு ஒரு வார்த்தை காதுல விழும், நகல் சரியானதுன்னு அர்த்தம், தாய்லாந்துல எந்த ஆபீஸ் போனாலும் இதுதான் மந்திரம். நீலப் பேனால போடுங்க. கையெழுத்து அக்கவுண்ட் ஆரம்பிச்ச அன்னைக்குப் போட்ட மாதிரியே இருக்கணும், அன்னைக்கு தமிழ்ல போட்டிருந்தா இன்னைக்கும் தமிழ்லதான். அப்புறம் ஒண்ணு, இடையில பாஸ்போர்ட் புதுப்பிச்சிருந்தா மொதல்ல பேங்க்ல புது நம்பரை மாத்திட்டு வாங்க, பழைய பாஸ்போர்ட்டையும் கையோட கொண்டு போங்க. இதை மறந்துட்டுப் போய் நின்னா அன்னைக்கு நாள் அவ்ளோதான், சில வேலைக்கு அக்கவுண்ட் ஆரம்பிச்ச கிளைக்கே போகச் சொல்லுவாங்க, நீங்க ஆரம்பிச்சது ரயோங்ல, இப்ப இருக்கறது பாங்காக்லன்னா யோசிச்சுப் பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம். பேங்க் மனசுல ஒரு சின்னக் கணக்கு ஓடும், சம்பள சீட்டுல இருக்குற தொகைக்கும் அனுப்பக் கேக்குற தொகைக்கும் பொருந்துதான்னு. மாசம் 80,000 பாத் சம்பளம், 50,000 அனுப்புறீங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதே ஆளு மூணு வருஷம் அனுப்பாம சேத்து வச்சுட்டு ஒரே நாள்ல 15,00,000 அனுப்பணும்னு போய் நின்னா மூணு வருஷ சம்பள சீட்டும் வரிச் சான்றும் வேணும். பணம் என்னவோ அதே பணம்தான், ஆனா பேப்பர் சுமை பத்து மடங்கு. இதுல இன்னொரு சிக்கல் என்னன்னா இடையில நண்பர்கள் உங்க அக்கவுண்டுக்கு போட்ட பணம், சீட்டு எடுத்த பணம், பழைய பைக் வித்த பணம் எல்லாம் கலந்து போயிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கதை சொல்லிக்கிட்டு இருக்கணும். என்னைக் கேட்டா சம்பளம் வர்ற அக்கவுண்டை சம்பளத்துக்கு மட்டும் வச்சுக்கங்க, மாசாமாசமோ ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையோ அனுப்பிருங்க. கட்டணம் கொஞ்சம் கூட ஆகும்தான், இருந்தாலும் வேலை கையில இருக்கும்போது அனுப்புறதுக்கும் வேலை போன பிறகு அனுப்புறதுக்கும் இருக்குற வித்தியாசத்துக்கு அந்தக் காசு ஒண்ணுமே இல்ல.

கூட வந்திருக்குற மனைவியோ கணவரோ வொர்க் பர்மிட் இல்லாம டிபென்டென்ட் விசால இருந்தா அவங்க அக்கவுண்ட்ல இருந்து அனுப்பப் பாக்காதீங்க, அவங்களுக்கு வருமானச் சான்று கிடையாது, சம்பாதிக்கிறவர் பேர்ல இருந்தே அனுப்புங்க.

கிளைக்குப் போறதுன்னா வேலை நாள்ல, காலைல போங்க. பெரிய மால்ல இருக்குற கிளை ராத்திரி வரைக்கும், ஞாயித்துக்கிழமை கூட திறந்திருக்கும், ஆனா வெளிநாட்டுப் பண வேலையை வார நாள்ல பேங்க் நேரத்துல மட்டும்தான் எடுத்துக்குவாங்க. உள்ள போய் "ஓன் ங்ஙன் பாய் தாங் ப்ரதேத்"னு சொன்னா போதும், வெளிநாட்டுக்கு பணம் அனுப்பணும்னு அர்த்தம். அந்த ப்ரதேத் வேற ஒண்ணுமில்ல, நம்ம பிரதேசம்தான், உச்சரிப்புதான் கழண்டு போச்சு. சீலோம் பக்கம், அந்த மாரியம்மன் கோயில் இருக்குற ஏரியாவுல, கிளைங்க வெளிநாட்டுக்காரங்களுக்குப் பழகுனது, இங்கிலீஷ் ஓடும். புறநகர்ல, தொழிற்பேட்டைப் பக்கம் இருக்குற கிளைன்னா தாய் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போங்க.

ஃபார்ம்ல கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல: பணம் வாங்குறவர் பேரு, விலாசம், அக்கவுண்ட் நம்பர், பேங்க் பேரு, கிளை, ஸ்விஃப்ட் கோடு, எதுக்கு அனுப்புறீங்க. ஸ்விஃப்ட் கோடுங்கிறது வெளிநாட்டுப் பணம் போறதுக்கு பேங்க்கை அடையாளம் காட்டுற குறியீடு, 8 இல்லனா 11 எழுத்து. இந்தியாவுக்குன்னா கூடவே ஐஎஃப்எஸ்சி, அதுவும் 11 எழுத்துதான், ஆனா அஞ்சாவது எடத்துல எப்பவும் பூஜ்யம் இருக்கும், அதை ஓன்னு எழுதிட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும். இங்கிலாந்து, ஐரோப்பான்னா ஐபான் நம்பர், ஆஸ்திரேலியான்னா 6 இலக்க பிஎஸ்பி, அமெரிக்கான்னா 9 இலக்க ரூட்டிங் நம்பர். எல்லாத்தையும் வீட்லயே ஒரு தாள்ல டைப் பண்ணி பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, கவுண்டர்ல போனைப் பாத்து எழுதுனா நிச்சயம் ஒரு எழுத்து தப்பும்.

இதுல நம்மள மாதிரி தமிழ் ஆளுங்களுக்குன்னே ஒரு குழி இருக்கு, பேரு. எனக்கு நடந்ததையே சொல்றேன். என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல எங்கப்பா பேரு முழுசா இருக்கு, பேரு கட்டத்துல என் பேரு. தாய் பேங்க்ல அப்படியே ஏறிருச்சு, டோக்கன் கூப்பிடும்போது எங்கப்பா பேரைச் சொல்லி "குன் வேலாயுதம்"னு கூப்பிடுவாங்க, நானும் எந்திரிச்சுப் போவேன், அப்பா கேட்டா சந்தோஷப்படுவார். ஊர்ல இருக்குற அக்கவுண்ட் காலேஜ்ல படிக்கும்போது ஆரம்பிச்சது, அதுல இனிஷியல் மட்டும்தான், வி போட்டு என் பேரு. நான் ஃபார்ம்ல பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரி எழுதிட்டேன். பணம் இங்கிருந்து கிளம்பிருச்சு, அங்க போய் சேந்த பேங்க் பேரு ஒத்துப் போகலன்னு நிறுத்தி வச்சுட்டாங்க, யாரும் போன் பண்ணல, மெயில் பண்ணல, நானா தேடித் தேடிக் கேட்டு ஒம்போது நாள் கழிச்சு பணம் திரும்பி வந்துச்சு. திரும்பி வரும்போது நடுவுல இருக்குற பேங்க் கட்டணம் ரெண்டு தடவை போயிருந்துச்சு, டாலர் வாங்குன ரேட் ஒண்ணு, திருப்பி பாத் பணமா மாத்துன ரேட் வேற, அந்த வகையில ஒரு தடவை. மொத்தத்துல ஊருக்கு ஒரு பைசா போகாமலே நாலாயிரம் பாத்துக்குப் பக்கமா கரைஞ்சுது. அதனால அனுப்புறவர் பேரு பாஸ்போர்ட்படி, வாங்குறவர் பேரு அந்த ஊரு பாஸ்புக்ல எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கோ அப்படி, ரெண்டும் ஒரே ஆளா இருந்தாலும் சரி. முடிஞ்சா ஊருக்குப் போகும்போது பேங்க்ல பாஸ்போர்ட்டைக் காட்டி முழுப் பேரா மாத்திருங்க, அது ஒரு நாள் அலைச்சலோட போயிரும்.

காசுக் கணக்குக்கு வருவோம், இங்கதான் நெறைய பேரு தப்பான எடத்தைப் பாத்து பயப்படுறாங்க. பேங்க் அனுப்புறதுக்கு சில நூறு பாத் கட்டணம் போடும், அது ரசீதுல பளிச்சுன்னு தெரியும், அதைப் பாத்துத்தான் எல்லாரும் புலம்புவாங்க. தெரியாம போறது ரேட்ல. சும்மா ஒரு உதாரணத்துக்கு, கூகுள்ல ஒரு டாலர் 33 பாத்னு காட்டுது, பேங்க் உங்களுக்கு விக்கிற டிடி (T/T) ரேட், அதாவது வெளிய அனுப்புற பணத்துக்கான ரேட், 33.30-னு வைங்க. 1,00,000 பாத்துக்கு 33-னா 3,030 டாலர், 33.30-னா 3,003 டாலர். 27 டாலர் காணாமப் போச்சு, கிட்டத்தட்ட 900 பாத், கட்டணத்தைவிட அதிகம். இதோட முடியல, இந்தியாவுக்கு பெரும்பாலும் டாலராத்தான் போகும், அங்க அவங்க டாலரை ரூபாயா மாத்தும்போது அவங்க பங்குக்கு ஒரு ரேட் வைப்பாங்க, ஆக ரெண்டு கதவு, ரெண்டு எடத்துலயும் ஒருத்தன் நின்னு கை நீட்டுறான். அதனால கட்டணத்தை விட்டுட்டு, இந்த முனைல 1,00,000 பாத் போட்டா அந்த முனைல எத்தனை ரூபாய் விழுதுன்னு மட்டும் பாத்து ஒப்பிடுங்க.

ஃபார்ம்ல கட்டணம் யாரு கட்டுறதுன்னு மூணு கட்டம் இருக்கும். "அவர்" (OUR)னா எல்லாக் கட்டணமும் அனுப்புற நம்ம தலைல, "ஷேர்" (SHA)னா இந்தப் பக்கக் கட்டணம் நமக்கு அந்தப் பக்கம் அவங்களுக்கு, "பென்" (BEN)னா எல்லாம் வாங்குறவர் தலைல, அவருக்குப் போற தொகைல கழிச்சுக்குவாங்க. வீட்டுக்கு அனுப்புறதுக்கு ஷேர் போதும். காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கடன் தவணைன்னு துல்லியமான தொகை போய் சேரணும்னா "அவர்" (OUR) போடுங்க, இல்லனா நடுவுல ஒரு பேங்க் 15, 20 டாலரைக் கிள்ளிட்டு ஃபீஸ் குறையுதுன்னு காலேஜ்ல இருந்து மெயில் வரும்.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு ரசீது குடுப்பாங்க, அதோட ஸ்விஃப்ட் காப்பியும் கேட்டு வாங்குங்க, எம்டி 103-ன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. மூணு நாலு வேலை நாள்ல பணம் போய் சேரலன்னா அந்தத் தாள்தான் உங்க ஆயுதம், ஊரு பேங்க்ல அதைக் காட்டுனாத்தான் தேடவே ஆரம்பிப்பாங்க.

இந்தியாவுல எந்த அக்கவுண்டுக்கு அனுப்புறீங்கன்னும் பாருங்க. சொந்த சேமிப்புன்னா என்ஆர்இ அக்கவுண்ட், அதாவது வெளிநாட்டுல சம்பாதிச்ச பணத்தைப் போட்டு வைக்க என்ஆர்ஐக்குன்னு இருக்குற கணக்கு, அதுல வர்ற வட்டிக்கு அங்க வரி கிடையாது, வேணும்னா திரும்ப வெளிய எடுத்துட்டும் போகலாம். நாட்டை விட்டு வெளிய வேலைக்கு வந்த பிறகும் பழைய சாதா சேமிப்பு அக்கவுண்டையே வச்சு ஓட்டுறவங்க நெறைய, விதிப்படி அதை என்ஆர்ஓவா, அதாவது ஊர்ல வர்ற வருமானத்துக்கான என்ஆர்ஐ கணக்கா, மாத்தியிருக்கணும். அப்பா அம்மா அக்கவுண்டுக்கு வீட்டுச் செலவுக்குன்னா நேரா அனுப்பலாம், ஊரு பேங்க் காரணக் குறியீடு கேட்டா குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் பி1301. பணத்தை ரூபாயா மாத்துறதுக்கு அங்க ஜிஎஸ்டி ஒண்ணு போடுவாங்க, கொறைஞ்சது 45 ரூபாய், 1,00,000 ரூபாய் வரைக்கும் அதிகபட்சம் 180, அதைப் பாத்து பேங்க் ஏமாத்துதுன்னு நெனச்சுக்காதீங்க.

வேற வழி என்னென்ன இருக்கு? பாங்காக் சைனாடவுன்ல, யாவரத் பக்கம் ராச்சவோங் ரோட்ல நம்ம இந்தியன் ஓவர்சீஸ் பேங்குக்கு கிளை இருக்கு, இந்தியாவுக்கு அனுப்புறவங்க அங்க ஒரு தடவை ரேட் கேட்டுப் பாக்கலாம். டீமணி மாதிரி லைசென்ஸ் வாங்குன தாய் கம்பெனிங்க இருக்கு, அதுல பாத்தைப் போட்டா நேரா ரூபாயா போகும், அந்த ரெண்டாவது கதவு இல்லாததால சின்னத் தொகைக்கு பெரும்பாலும் பேங்கைவிட லாபம், ஆனா ஒரு தடவைக்கு, ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு வரம்பு இருக்கும். சிங்கப்பூர்ல சொந்தக்காரங்க இருந்தா கதையே வேற, ப்ராம்ப்ட்பேயையும் அவங்க பேநவ்வையும் 2021 ஏப்ரல்ல இணைச்சாங்க, போன் நம்பர் இருந்தாப் போதும், ஆரம்பிச்சப்போ ஒரு நாளைக்கு 25,000 பாத்னு வரம்பு வச்சாங்க. வெளிநாட்டுல இருந்து தாய்லாந்துக்கு அனுப்ப எல்லாரும் ஏதோ ஒரு ஆப் வச்சிருப்போம், அதே ஆப் திருப்பி அனுப்பவும் உதவும்னு நம்பிராதீங்க, அனுப்புற நாணயம் பட்டியல்ல பாத் இருக்கான்னு மொதல்ல பாருங்க.

இப்ப உண்டியல். நல்ல ரேட், பேப்பர் வேணாம், பத்து நிமிஷத்துல வீட்ல பணம். எல்லாம் உண்மைதான், சில நேரம். ஆனா உங்க அம்மா அக்கவுண்டுக்கு அந்தப் பணத்தைப் போடுறது யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அது எவனோ ஒருத்தன் ஆன்லைன் மோசடில அடிச்ச பணமா இருந்தா ஊரு சைபர் போலீஸ் முடக்குறது உங்க அம்மா அக்கவுண்டைத்தான். இந்தப் பக்கமும் அதே கதை, உண்டியல்காரன் "இந்தத் தாய் அக்கவுண்டுக்கு ப்ராம்ப்ட்பே பண்ணுங்க"ன்னு குடுக்குற நம்பர் வாடகைக்கு எடுத்த அக்கவுண்டா இருக்கும். தாய்ல அதை "பஞ்ச்சி மா"ன்னு சொல்லுவாங்க, குதிரைக் கணக்குன்னு அர்த்தம், திருட்டுப் பணத்தை முதுகுல சுமந்துட்டு ஓடுற குதிரை. 2023-ல இதுக்குன்னு தனியா அவசரச் சட்டமே போட்டாங்க, அக்கவுண்டை வாடகைக்கு விட்டாலே ஜெயில். போன்ல ஒரே தடவைல 50,000 பாத்துக்கு மேல அனுப்புனா மூஞ்சியை ஸ்கேன் பண்ணச் சொல்றது அந்த வருஷம் வந்ததுதான். குதிரைக் கணக்கோட தொடர்புல உங்க அக்கவுண்டும் வந்துட்டா முடக்கிருவாங்க, சம்பளமும் அதுக்குள்ளயே மாட்டிக்கும், போலீஸ் ஸ்டேஷன்ல தாய்ல விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கணும்.

கைல நோட்டா எடுத்துட்டுப் போறவங்களுக்கு ஒரு வரி: இந்தியாவுல இறங்கும்போது 5,000 டாலருக்கு மேல நோட்டா இருந்தா கஸ்டம்ஸ்ல எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தா பிரச்சினை இல்ல, எழுதாம மாட்டுனாத்தான்.

சம்பளம் இல்லாத கேசுங்களும் இருக்கு. ரிட்டயர்மென்ட் விசால வந்து 8,00,000 பாத் போட்டு வச்சிருக்குறவங்க, அந்தப் பணம் வெளிநாட்டுல இருந்து வந்தப்போ பேங்க் குடுத்த வரவுச் சீட்டை பத்திரமா வச்சிருந்தா வந்த தொகையைத் திருப்பி அனுப்புறது சுலபம். ஆனா விசா நீட்டிப்புக்கு அப்புறம் மூணு மாசம் அதைத் தொடக் கூடாது, அதுக்கப்புறமும் 4,00,000-க்குக் கீழ போகக் கூடாது, எடுக்குறதுக்கு முன்னாடி அதை நெனப்புல வைங்க. காண்டோ வாங்குனவங்க வித்துட்டு பணத்தை வெளிய கொண்டு போகணும்னா, வாங்கும்போது வெளிநாட்டுல இருந்து பணம் வந்ததுக்கு பேங்க் குடுத்த அந்நியச் செலாவணிச் சான்றும், நிலப் பதிவு ஆபீஸ்ல வித்த பத்திரமும் வேணும். அந்தச் சான்றை வாங்குன அன்னைக்கே லேமினேட் பண்ணாத குறையா பாதுகாக்கணும், பத்து வருஷம் கழிச்சு பேங்க்ல போய் நகல் கேட்டா எந்தக் கிளை, யாரு குடுத்தாங்கன்னு சுத்த விடுவாங்க.

கடைசியா வேலையை விட்டு ஊருக்குக் கிளம்புறவங்க. இங்கதான் அதிகமா சொதப்புவாங்க. வேலை முடியுற அன்னைக்கே வேலை விசாவும் முடிஞ்சுரும், இமிக்ரேஷன்ல 1,900 பாத் கட்டுனா பெரும்பாலும் 7 நாள் குடுப்பாங்க, அவ்ளோதான் அவகாசம். அந்த ஏழு நாள்ல வீட்டு அட்வான்ஸ் வாங்கணும், சாமான் அனுப்பணும், கூடவே பேங்க்ல போய் ரத்தான வொர்க் பர்மிட்டைக் காட்டி பெரிய தொகை அனுப்பணும்னா எப்படி நடக்கும்? அதனால ராஜினாமா குடுத்ததும், வொர்க் பர்மிட் உயிரோட இருக்கும்போதே சேமிப்புல பெரும் பகுதியை அனுப்பிருங்க. கடைசிச் சம்பளம், ப்ராவிடண்ட் ஃபண்ட், வீட்டு அட்வான்ஸ் எல்லாம் நீங்க போன பிறகுதான் வரும், அதனால அக்கவுண்டை மூடாதீங்க. பேங்க் ஆப் அந்தத் தாய் நம்பரோட கட்டிப் போட்டிருக்கும், ஓடிபி அதுக்குத்தான் வரும், சிம்மை ப்ரீபெய்டா மாத்தி ஒரு வருஷத்துக்கு வேலிடிட்டி வாங்கி, ரோமிங்ல எஸ்எம்எஸ் வருதான்னு விமானம் ஏறுறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க.

தேதியும் பாருங்க. ஏப்ரல் 13-ல இருந்து 15 வரைக்கும் சோங்க்ரான், பேங்க் மொத்தமா மூடிருக்கும், அந்த நேரத்துலதான் நமக்கு சித்திரை 1, ஊர்லயும் 14-ஆம் தேதி லீவு. புது வருஷத்துக்கு அம்மாவுக்குப் பணம் போகணும்னு 12-ஆம் தேதி கிளைல போய் நின்னா, அது கைக்குக் கிடைக்க ஒரு வாரம் ஆயிரும், மாச முதல் வாரத்துலயே அனுப்பிருங்க.